வேட்டைநாயின் குரலும் ஹைதராபாத்தின் கடமையும்

ஹைதராபாத் நகரின் தென்கிழக்கு விளிம்பில், விஜயவாடா செல்லும் பெருவழியை ஒட்டி, மகாவீர் ஹரிண வனஸ்தலி என்னும் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. சுமார் 14.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் ஒரு காலத்தில் நிஜாம் மன்னர்களின் வேட்டைக்களமாக விளங்கியது. 1975-ஆம் ஆண்டில் இது மான் பூங்காவாகவும், 1994-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. அன்று வேட்டையாடப்பட்ட வெளிமானே இன்று அங்குப் பாதுகாக்கப்படுகின்றது.

இம்மாற்றம் தக்காணம் முழுவதிலும் நிகழ்ந்த பெரிய மாற்றத்தின் ஒரு பகுதியேயாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொணர்ந்தது; 1991-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அதனை அறவே ஒழித்தது. துப்பாக்கியால் சுடுவது மட்டுமன்றி, நாயை ஏவி விலங்கைத் துரத்துவதும் வேட்டை என்னும் சொல்லின் சட்டப் பொருளுள் அடங்கும். இது நன்றே. ஆயினும், வேட்டை நின்றபின் வேட்டைக்காரன் என்ன ஆனான் என்று கேட்டவர்கள் சிலர் உண்டு. வேட்டை விலங்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் பலர் உண்டு. இருவருக்கும் இடையே ஓடிய நாய் என்ன ஆயிற்று என்னும் வினா மட்டும் போதிய கவனம் பெறவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதனும் நாயும் சேர்ந்து உருவாக்கிய ஒரு திறமை அதனுள் பொதிந்திருப்பதால், இவ்வினாவை விஞ்ஞானம் புறக்கணித்தல் ஆகாது.

குரல் ஓர் அறிக்கை

வேட்டைநாய் தடத்தைப் பற்றிச் செல்லும்போது எழுப்பும் ஒலியை வெறும் ஆரவாரம் என்று எண்ணுவோர் பலர். பழகிய வேட்டைக்காரன் அவ்வாறு எண்ணுவதில்லை. அடர்ந்த காட்டிலே நாய்கள் அவன் கண்ணுக்குப் புலப்படா. அவை எங்கே செல்கின்றன, எதனைத் தொடர்கின்றன, தடம் புதியதா பழையதா, விலங்கு ஓடுகின்றதா அன்றி எதிர்த்து நிற்கின்றதா என்பனவற்றையெல்லாம் அவன் காதினாலேயே அறிய வேண்டும். எனவே நாயின் குரல் அவனுக்கு இடையறாது வந்துகொண்டிருக்கும் ஓர் அறிக்கையாகின்றது.

இங்கிலாந்தின் நரிவேட்டை நாய்களிடம் இதனைத் தெளிவாகக் காணலாம். வாடை மெலிதாகக் கிடைத்து ஐயம் நீங்காதபோது நாய் மெல்ல முனகுகின்றது. தடம் உறுதியானவுடன் நீண்ட, கணீரென்ற குரல் எழுகின்றது. மற்ற நாய்களும் அதில் சேர்ந்துகொள்ள, கூட்டம் முழுவதும் ஒருமித்துக் குரல் கொடுக்கின்றது. தடம் தவறினால் அக்குரல் திடீரென்று அடங்குகின்றது. அந்த மௌனமும் ஒரு செய்தியே. அமெரிக்காவில் மரமேறும் ரக்கூன் என்னும் விலங்கைத் தேடும் நாய்கள், தடத்தில் ஓடும்போது ஊளையொத்த நீண்ட குரலும், விலங்கு மரமேறிய பின் அடிமரத்தில் நின்று வெட்டி வெட்டிக் குரைக்கும் குறுங்குரலும் எழுப்புகின்றன. இருளில் நெடுந்தொலைவில் நிற்கும் மனிதன், ஒலி மாறிய கணத்திலேயே நாய் நின்றுவிட்டது என்று அறிந்துகொள்கின்றான். பின்லாந்தின் குத்துக்காது நாயோ, காட்டுக்கோழி அமர்ந்த மரத்தடியில் விடாமல் குரைத்துப் பறவையின் கவனத்தைத் தன்பால் ஈர்த்து வைக்கின்றது. அவ்வொலியைக் கொண்டே வேடன் அவ்விடத்தை வந்தடைகின்றான்.

வேட்டை நாய்களை வளர்ப்போர் இரு குற்றங்களைப் பெரியனவாகக் கருதுவர். வாடை இல்லாதபோதும் குரல் கொடுப்பது ஒன்று. வாடை கிடைத்தும் வாய் திறவாது ஓடுவது மற்றொன்று. முன்னது பொய் அறிக்கை. பின்னது அறிக்கை தர மறுப்பது. பொய்க்குரல் கொடுக்கும் நாயைக் கூட்டத்திலுள்ள மற்ற நாய்களும் நாளடைவில் பொருட்படுத்துவதில்லை. நம்பத்தக்க முதிய நாய் ஒருமுறை குரல் கொடுத்தால் அவையனைத்தும் அதன்பால் விரைகின்றன. ஆகவே குரலின் மதிப்பு அதன் உரப்பில் இல்லை; உண்மையில் உள்ளது.

நாய் இவ்வாறு செய்தி அறிவிக்க வேண்டும் என்று எண்ணித்தான் குரைக்கின்றதா? அவ்வாறு கொள்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அதன் உள்ளக் கிளர்ச்சி குரல்வளை வழியே ஒலியாக வெளிப்படுகின்றது என்று கொள்வதே பொருத்தமாகும். நாயின் மூதாதையான ஓநாய் பெரும்பாலும் ஓசையின்றியே வேட்டையாடுகின்றது. முதிர்ந்த ஓநாய் குரைப்பதும் அரிது. எனவே தடத்தில் குரல் கொடுக்கும் வழக்கம், மனிதன் தனக்குப் பயன்பட்ட நாய்களைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் விளைவு எனலாம். கிளர்ச்சி நாயினுடையது; அதனைப் பொருளுள்ள ஒலியாகத் தேர்ந்தெடுத்தது மனிதனின் காது.

குரைப்பொலியில் பொருள் உண்டு என்பது சோதனைகளாலும் தெளிவாகியுள்ளது. அந்நியரைக் கண்டு குரைத்தல், தனித்து விடப்பட்டபோது குரைத்தல், விளையாட்டில் குரைத்தல் ஆகியவை சுருதியிலும் இடைவெளியிலும் வேறுபடுகின்றன என்று 2002-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் சோபியா யின் காட்டினார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பீட்டர் பொங்கிராட்சும் அவர்தம் கூட்டாளிகளும் 2005-ஆம் ஆண்டில், ஒலிப்பதிவை மட்டும் கேட்ட மனிதர்கள் அக்குரைப்பின் சூழ்நிலையைப் பெருமளவு சரியாகவே ஊகிப்பதைக் கண்டனர். நாயே வளர்த்திராதவர்களும் இவ்வாறு ஊகித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தடமும் வாடையும்

குரலுக்குக் காரணம் மூக்கு. விலங்கு நடந்த வழியில் அதன் உடலிலிருந்து உதிர்ந்த நுண்ணிய தோல் துகள்களும், வியர்வை முதலிய கசிவுகளின் ஆவியும், மிதிபட்ட புல்லின் சாறும், கிளறப்பட்ட மண்ணின் மணமும் ஒருங்கே கலந்து கிடக்கின்றன. இக்கலவையே தடம். மணத்தை உணரும் புரதங்களுக்குரிய செயற்படும் ஜீன்கள் மனிதனிடம் சுமார் 400 உள்ளன. நாயிடம் ஏறத்தாழ அதன் இருமடங்கு உள்ளன. மணத்தை ஏற்கும் நரம்பு உயிரணுக்களின் எண்ணிக்கையிலோ வேறுபாடு இன்னும் மிகப் பன்மடங்கு.

மணம் இருப்பதை அறிவது ஒன்று. அது எத்திசையில் செல்கின்றது என்று அறிவது வேறொன்று. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தடம் பற்றும் நாயின் செயல் மூன்று கட்டங்களாகப் பிரிவதைக் கண்டனர். முதலில் நாய் தடத்தைத் தேடுகின்றது. தடம் கிடைத்ததும் வேகத்தைக் குறைத்துச் சில அடிச்சுவடுகளை ஆழ முகர்ந்து திசையை முடிவு செய்கின்றது. பின்னர் அத்திசையில் விரைந்து தொடர்கின்றது. ஐந்து அடிச்சுவடுகளே திசையைத் தீர்மானிக்கப் போதுமானவை என்று 2005-ஆம் ஆண்டில் பீட்டர் ஹெப்பரும் டெபோரா வெல்ஸும் காட்டினர். ஒரு சுவட்டிற்கும் அடுத்த சுவட்டிற்கும் இடையே கழிந்த நொடிப்பொழுதில் மணத்தில் விளைந்த மிக நுண்ணிய மாறுதலை நாய் ஒப்பிட்டு அறிகின்றது என்பதே இதன் பொருள்.

இத்துணை நுட்பமான தடத்தை வெயிலும் காற்றும் எளிதில் அழித்துவிடும். ஈரமான நிலத்திலும், நிழலிலும், குளிர்ந்த காலை வேளையிலும் வாடை நிலைக்கின்றது. காய்ந்த பாறையிலும் கடும் வெயிலிலும் கலைகின்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் நரிவேட்டை நாய்களை உதகமண்டலத்துக்குக் கொணர்ந்து, தம் நாட்டு நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்தினர். வென்லாக் புல்வெளிகளின் பனியும் ஈரமும் அந்நாய்களின் மூக்கிற்கு ஏற்றவையாக இருந்தன என்பது எளிதில் விளங்கும். கோடையில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் ஹைதராபாத் பீடபூமியின் பாறை நிலம் அத்தகையதன்று.

தக்காணத்தின் மௌன நாய்

இக்காரணத்தாலேயே தக்காணத்தின் புகழ்பெற்ற வேட்டைநாய் வேறு வகையாக அமைந்தது எனக் கருத இடமுண்டு. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நெடிய கால்கள் கொண்ட இந்நாய் மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடுவது. வெட்டவெளியில் முயலையோ வெளிமானையோ தொலைவிலேயே கண்டு, ஓசையின்றிப் பாய்ந்து, வேகத்தாலேயே வெல்வது அதன் இயல்பு. அதன் உரிமையாளன் நாயையும் விலங்கையும் ஒருங்கே காண்கின்றான். அவனுக்குக் குரல் அறிக்கை தேவையில்லை. ஆகவே குரல் இங்கே தேர்ந்தெடுக்கப்படவில்லை. காட்டுநாய் பேசுகின்றது, வெளிநாய் பேசுவதில்லை. நிலமே இரண்டையும் வகுத்தது.

இவ்வினத்திற்கு வழங்கும் பெயர்களுள் கார்வான் நாய் என்பது ஒன்று. வணிகச் சாத்துகளுடன் தக்காணத்தில் திரிந்த நாயாதலின் இப்பெயர் பெற்றது என்பர். கோல்கொண்டா வைர வாணிகம் செழித்த நாளில் வணிகச் சாத்துகள் தங்கிய இடம் ஹைதராபாத்தில் இன்றும் கார்வான் என்றே வழங்குகின்றது. நாயும் ஊர்ப்பகுதியும் ஒரே சொல்லின் வழிவந்தவை. இவ்வினத்தை முதோல் சமஸ்தானத்தின் அரசர் மாலோஜிராவ் கோர்படே பேணி வளர்த்தமையால் முதோல் நாய் என்னும் பெயரும் நிலைத்தது. கர்நாடகத்தின் முதோலை அடுத்த திம்மாபூரில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் முதோலும், தமிழ்நாட்டின் ராஜபாளையமும் இடம்பெற்றன. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது.

இவையெல்லாம் மகிழத்தக்க செய்திகளே. ஆனால் ஓர் அபாயமும் இதில் உண்டு. பதிவேடும் காட்சிப் போட்டியும் நாயின் உயரத்தையும் நிறத்தையும் காதின் மடிப்பையும் அளக்கின்றன. அதன் தொழிலை அளப்பதில்லை. தொழிலால் உருவான உடலைத் தொழில் இன்றியே பல தலைமுறைகள் பெருக்கினால், எஞ்சுவது வடிவம் மட்டுமே. முகத்தின் நீளம் கூடும். மூச்சின் வலிமை குறையும். மேனாட்டு நாயினங்கள் பலவற்றிற்கு இந்தக் கதி ஏற்கெனவே நேர்ந்துள்ளது.

செஞ்சுக்களின் நாய்

ஹைதராபாத்துக்குத் தெற்கே, கிருஷ்ணா நதியை நோக்கி, நல்லமலைத் தொடரின் அம்ராபாத் மேட்டுநிலம் உள்ளது. அங்கு வாழும் செஞ்சு மக்கள் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். ஆஸ்திரிய நாட்டு மானிடவியல் அறிஞர் கிறிஸ்டோப் வான் ஃப்யூரர்-ஹைமன்டார்ஃப் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1943-ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். பின்னர் நிஜாம் அரசாங்கத்தின் பழங்குடி ஆலோசகராகவும் பணியாற்றினார். செஞ்சுக்களின் வாழ்வில் நாய் நெடுங்காலமாக உடனுறைந்த உயிர். குடிசையைக் காப்பதும் அதுவே. காட்டில் முன் செல்வதும் அதுவே. அதற்குப் பதிவேடும் இல்லை, தபால்தலையும் இல்லை. ஊர்நாய் என்ற பெயரோடு அது கழிந்துவிடுகின்றது.

இன்று அம்ராபாத் 2,600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புலிகள் காப்பகம். செஞ்சுக்களுள் பலர் அங்கே வனக் காவலுக்குத் துணைபுரியும் பணியாளர்களாக உள்ளனர். புலியின் சுவட்டைப் படிப்பதில் அவர்களது கண் பயன்படுத்தப்படுகின்றது. ஆனால் நாயின் குரலைப் படித்த அவர்களது காது பயன்படுத்தப்படவில்லை. எந்தக் குரைப்பு உடும்புக்கு, எது காட்டுப்பன்றிக்கு, எது சிறுத்தைக்கு என்று பிரித்தறியும் அறிவு வேட்டை மக்கள் எவரிடமும் எழுத்தில் இருப்பதில்லை. அதனை அறிந்த முதியவரோடு அது மறைந்துபோகும்.

இத்தகைய அறிவு நாயிடத்திலும் பிறவியோடு முழுமையாக வந்துவிடுவதன்று. நிகராகுவா நாட்டுப் பழங்குடி மக்களின் வேட்டைநாய்களை ஆராய்ந்த ஜெரமி காஸ்டரும் அவர்தம் உடனுழைப்பாளரும், வயது முதிர்ந்த நாய்களே மிகுந்த பயன் தருகின்றன என்று 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆண்டுகள் பல காட்டில் கற்ற பின்னரே நாய் தேர்ச்சி பெறுகின்றது. முதிய நாயைப் பின்பற்றி இளநாய் கற்கும் சங்கிலி ஒருமுறை அறுந்தால், இனம் எஞ்சியிருந்தாலும் திறமை எஞ்சாது.

தொழிலற்ற நாயின் தீங்கு

வேட்டைக்குரிய உணர்ச்சி சட்டத்தால் அடங்குவதன்று. ஏவுவோர் இல்லாதபோதும் நாய் துரத்துகின்றது. இந்தியாவில் தன்னிச்சையாகத் திரியும் நாய்களால் தாக்கப்பட்ட வனவிலங்குகளைப் பற்றி சந்திரிமா ஹோம், யஷ் வீர் பட்நாகர், அபி தமிம் வனக் ஆகியோர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 80 இனங்கள் அவ்வாறு தாக்கப்பட்டமை பதிவாகியுள்ளது. அவற்றுள் 31 இனங்கள் உலக அளவில் அழிவின் அச்சத்தில் உள்ளவை. ஹைதராபாத் போன்று வேகமாக விரியும் நகரத்தில், பாறைகளும் புதர்களும் நிறைந்த பழைய நிலங்களில் எஞ்சிய புள்ளிமான்கள் ஒருபுறம் கட்டிடங்களாலும் மறுபுறம் தெருநாய்க் கூட்டங்களாலும் நெருக்கப்படுகின்றன.

துரத்துவது மட்டுமன்று, நாய் நோயையும் கொண்டு செல்கின்றது. நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. 2018-ஆம் ஆண்டில் குஜராத்தின் கிர் காட்டிலும் அந்நோய் தோன்றிச் சிங்கங்கள் இறந்தன. எனவே தடுப்பூசி போடப்படாத நாய் புலிக்காட்டில் கால் வைப்பது ஒருபோதும் ஏற்கத்தக்கதன்று. வேட்டைநாயின் திறமையைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

புதிய தொழில்

அவ்வாறாயின் செய்வது யாது? சிலர் பழைய வேட்டையை விளையாட்டாகவேனும் மீட்க வேண்டும் என்பர். அது பொருந்தாது. சட்டம் இடம் தராது என்பது மட்டும் காரணமன்று. துரத்தப்படும் உயிருக்கு நேரும் கொடுமைக்கு விளையாட்டு என்னும் பெயர் ஈடாகாது. மற்றும் சிலர், காலம் மாறிவிட்டது, இத்திறமை அழிந்தால் அழியட்டும் என்பர். இதுவும் பொருந்தாது. ஏனெனில் இத்திறமைக்கு இன்றும் வேலை உண்டு என்பதை அம்ராபாத் மண்ணே காட்டியுள்ளது.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், நாகர்கர்னூல் மாவட்டத்தில் தோமலபெண்டாவுக்கு அருகே, ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்க்கெனக் குடையப்பட்டுவந்த சுரங்கத்தின் கூரை சரிந்து எட்டுப் பேர் உள்ளே சிக்கினர். சேறும் நீரும் உடைந்த இயந்திரங்களும் வழியை அடைத்தன. பல கருவிகள் பயன்படுத்தப்பட்ட பின்னர், புதையுண்ட உடல்களை மோப்பத்தால் கண்டறியப் பயின்ற நாய்கள் கேரளக் காவல்துறையிடமிருந்து வரவழைக்கப்பட்டன. அவை சுட்டிய இடங்கள் தோண்டப்பட்டன. மார்ச் 9-ஆம் நாள் முதல் உடல் கிடைத்தது. அம்மாத இறுதிக்குள் மற்றொன்றும் கிடைத்தது. தம்மவரின் உடலையேனும் கண்டு ஈமக்கடன் ஆற்ற இரு குடும்பங்களுக்கு வழி கிடைத்தது. செஞ்சுக்களும் அவர்தம் நாய்களும் வாழும் அதே மலைத்தொடருக்கு, அப்பணியில் தேர்ந்த நாய்கள் வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இப்பணிகளில் குரல் மீண்டும் தன் பழைய இடத்தைப் பெறுகின்றது. இடிபாட்டில் உயிரோடு இருப்பவரைத் தேடும் நாய் குரைத்து அறிவிக்கப் பழக்கப்படுகின்றது. அதனைப் பின்பற்றும் மனிதன் அதனைக் காணாதபோதும் கேட்க வேண்டுமன்றோ? வெடிமருந்தைத் தேடும் நாயோ ஓசையின்றி அமர்ந்து அறிவிக்கப் பழக்கப்படுகின்றது. முன்னது காட்டுநாயின் வழி. பின்னது வெளிநாயின் வழி. ஹைதராபாத்தை அடுத்த மொயினாபாத்தில் உள்ள காவல்துறைப் பயிற்சி நிலையத்தில் நாய்களுக்கு இத்தகைய பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. ஆயினும் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினுவா போன்ற வெளிநாட்டு இனங்களே இந்நாட்டுக் காவற்படைகளில் பெரும்பான்மையாக உள்ளன.

வேட்டையைத் தடுக்கவே வேட்டைநாயின் மூக்கு பயன்படலாம் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. புலித்தோல், எலும்பு, காட்டிறைச்சி முதலியவற்றைக் கண்டறிய நாய்களைப் பழக்கும் திட்டம் 2008-ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கியது. போபாலில் பயின்ற நாய்கள் பல மாநில வனத்துறைகளில் சேர்ந்தன. நாய் கண்டெடுத்ததை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் வழியை ஹைதராபாத் அளித்தது. ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த சுனில் குமார் வர்மாவும் லால்ஜி சிங்கும், சைட்டோக்ரோம் பி என்னும் ஜீனின் ஒரு சிறு பகுதியைக் கொண்டே எவ்விறைச்சித் துண்டும் எவ்விலங்கினுடையது என்று கூறும் முறையை உருவாக்கி 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மையத்தின் அத்தாபூர்க் கூடமாகிய அருகிவரும் உயிரினங்களின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம், செயற்கைக் கருவூட்டல் மூலம் 2006-ஆம் ஆண்டில் புள்ளிமானையும், 2007-ஆம் ஆண்டில் வெளிமானையும் ஈன்றெடுக்கச் செய்தது. நாயின் மூக்கு சந்தேகத்தை எழுப்ப, ஆராய்ச்சிக் கூடம் அதனை உறுதி செய்கின்றது. இவ்விரண்டும் ஒரே தடத்தின் இரு முனைகள்.

செய்ய வேண்டுவன

ஹைதராபாத்தில் இதற்கு வேண்டிய அறிவுச் சாதனங்கள் அனைத்தும் உள்ளன. ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உள்ளது. கச்சிபௌலியில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் பேச்சொலி ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. அத்தாபூரில் மரபணு அறிவும், மொயினாபாத்தில் பயிற்சி அனுபவமும், அம்ராபாத்தில் செஞ்சுக்களின் பட்டறிவும் உள்ளன. இவை ஒன்றையொன்று அறியாது தனித்தனியே இயங்குவதே குறை. மூன்று செயல்கள் உடனடியாக மேற்கொள்ளத் தக்கவை.

முதலாவது, இனப்பதிவில் தொழிற்சோதனையும் சேர வேண்டும். இதற்கு எவ்விலங்கையும் துன்புறுத்த வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வடபகுதியாகிய கம்பிரியாவில், சோம்பு எண்ணெயும் மண்ணெண்ணெயும் தோய்த்த துணியை மலைவழியே இழுத்துச் சென்று தடம் அமைத்து, அத்தடத்தில் நாய்களை ஓடவிடும் போட்டி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெறுகின்றது. துணியைத் தொடர்ந்து ஓடுவதால் எவ்வுயிரும் மடிவதில்லை. நாயின் மூக்கும் மூச்சும் உறுதியும் ஐயமின்றி வெளிப்படுகின்றன. இத்தகைய தடங்களைத் தக்காணத்தின் வெயிலிலும் பாறையிலும் அமைத்து, முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை, செஞ்சுக் குடியிருப்புகளின் நாட்டுநாய் ஆகியவற்றை வெளிநாட்டு இனங்களோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம்.

இங்கே ஒரு தடை எழும். தக்காண நாய் கண்ணை நம்பும் நாய். மோப்பப் பணிக்கு அது ஏற்றதன்று என்று வல்லுநர் கூறுவர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. தாய்நாட்டுப் பற்று மூக்கின் திறனுக்கு ஈடாகாது. இவ்வெயிலில் எந்நாய் எத்தனை நாழிகை சோர்வின்றிப் பணியாற்றும் என்பதும், எந்நாய் எத்துணைப் பழைய தடத்தைப் பற்றும் என்பதும் அளந்து அறிய வேண்டியவை. சோதனையில் நாட்டுநாய் தோற்றால் அத்தோல்வியையும் வெளியிட வேண்டும். வென்றால், ஆண்டுதோறும் வெளிநாட்டு இனங்களைத் தேடி அலைவதற்குக் காரணம் இராது. இரண்டில் எதுவாயினும் சோதனை வேண்டும். பெருமிதமும் இகழ்ச்சியும் அதன் இடத்தை நிரப்பலாகாது.

இரண்டாவது, குரல்களைப் பதிவு செய்ய வேண்டும். செயற்கைத் தடங்களில் ஓடும் நாய்களின் கழுத்தில் சிறிய ஒலிவாங்கியும் இடங்காட்டும் கருவியும் பொருத்தலாம். எந்த நொடியில் எவ்விடத்தில் எக்குரல் எழுந்தது என்பது அப்போது தெளிவாகும். அப்பதிவுகளை ஒலிச்சித்திரமாக்கி அதிர்வெண்ணையும் இடைவெளியையும் அளக்கலாம்; அவற்றையே செஞ்சு முதியோரிடம் ஒலித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் பொருளையும் உடன் எழுதி வைக்கலாம். கருவி அளந்ததும் காது அறிந்ததும் ஒத்துவருகின்றனவா என்பது விஞ்ஞானத்திற்கு மிகச் சுவையான வினாவாகும். ஒத்துவருமாயின், இடிபாட்டிலும் சுரங்கத்திலும் நாயின் குரலிலிருந்தே அதன் உறுதியின் அளவை மீட்புப் பணியாளர் கணிக்க இயலும். செஞ்சுக்களின் பங்கு வெறும் தகவல் தருவதோடு நிற்றல் ஆகாது; அவர்கள் ஊதியம் பெறும் உடன்பணியாளராக அமர்த்தப்பட வேண்டும்; வெளியீடுகளில் அவர்கள் பெயரும் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, காட்டிற்கும் நாய்க்கும் இடையே வேலி திண்ணமாக இருக்க வேண்டும். வனப்பணியில் ஈடுபடும் ஒவ்வொரு நாய்க்கும் டிஸ்டெம்பர், வெறிநோய் முதலியவற்றுக்கான தடுப்பூசிகள் போடப்பட்டிருத்தல் அவசியம். காட்டினுள் அது எப்போதும் வாரில் கட்டப்பட்டே செல்ல வேண்டும். காட்டோரக் குடியிருப்புகளின் நாய்களுக்கும் தடுப்பூசியும் கருத்தடையும் அரசாங்கச் செலவிலேயே செய்யப்பட வேண்டும். பந்தயம் என்றும் பாரம்பரியம் என்றும் பெயரிட்டு முயலையும் உடும்பையும் துரத்துவோருக்கு இத்திட்டத்தில் சிறிதும் இடமளித்தல் கூடாது. இக்காவல் தளருமாயின் முதல் இரண்டு செயல்களும் நன்மையைவிடத் தீமையே பயக்கும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சில ஒலிவாங்கிகளும், சில நூறு மீட்டர் துணியும், ஐந்து நிலையங்கள் ஒரு மேசையில் கூடி அமரும் விருப்பமுமே வேண்டும். தேவையானது விரைவு. அம்ராபாத்தில் நாயின் குரலைக் கேட்டுக் காட்டை அறிந்த தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களோடு காட்டில் ஓடிப் பழகிய நாய்களின் வாழ்நாளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே. ஒலிப்பதிவு அவர்கள் உள்ளபோதே தொடங்கப்பட வேண்டும்.